பவளத் தொட்டியும் ஒளியும்

பவளம் என்றவுடன் மாலையிற் கோக்கும் செம்மணியே பலர்க்கும் நினைவிற்கு வரும். வெப்ப மண்டலக் கடல்களின் ஆழங்குறைந்த இடங்களில் பாறை பாறையாக வளர்ந்து கிடக்கும் பவளம் அதனின் வேறானது. அதனைக் கட்டுவது பவளப் பூச்சி என வழங்கும் மெல்லுடற் சிற்றுயிராகும். பெயரிற் பூச்சி எனினும் அது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. சொறி மீனுக்கு உறவுடையது. சிறு குழாய் போன்ற உடல், அதன் நுனியில் ஒரு வாய், வாயைச் சுற்றிப் பூவிதழ்போல் விரியும் பற்றிழைகள், இவ்வளவே அதன் உருவம். கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தன் அடியிற் கல்லாக்கி, அதன்மீது அமர்ந்து வாழும். எண்ணிறந்த பூச்சிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய இக்கற்கூடுகளே பவளப் பாறைகள். இத்தகைய உயிரை வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் கலை இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. அது கைகூடுவதற்கு ஒரு நூற்றாண்டிற்கு மேற் சென்றது.

1846ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் ஆங்கில மாது டார்க்கீ என்னும் கடற்கரையூரிலிருந்து சில பவளங்களைக் கற்சாடியில் இட்டு இலண்டனுக்குக் கொணர்ந்தார். வழியில் அவை அலைவுறாதிருக்கும்பொருட்டு ஊசியும் நூலும் கொண்டு அவற்றைக் கடற்பஞ்சில் தைத்து வைத்தாராம். இலண்டனிற் கடல் இல்லை. நாள்தோறும் புதிய கடல்நீர் பெறுதலும் அரிது. ஆகவே அவருடைய பணிப்பெண் திறந்த பலகணியருகே நின்று, தொட்டி நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு நெடுநேரம் மாற்றி மாற்றி ஊற்றினாள். அவ்வாறு ஊற்றுங்கால் காற்றிலுள்ள உயிர்வளி நீரிற் கலந்தது. மறு ஆண்டில் அவ்வம்மையார் கடற்பாசிகளையும் தொட்டியில் இட்டார். பவளங்கள் பிழைத்தன. அப்பணிப்பெண்ணின் பெயர் பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுவதில்லை. அவள் கைகள் செய்த வேலையையே இன்று சிறு மின்பொறி செய்கின்றது.

அம்மையார் வளர்த்தவை குளிர்க்கடலிற் பிறந்த தனிப்பவளங்கள். அவை இருளிலும் வாழவல்லன. பாறை கட்டும் வெப்பக்கடற் பவளங்களைத் தொட்டியில் இட்டோர்க்கு அத்தகைய வெற்றி எளிதிற் கிட்டவில்லை. நீர் தூயதாக இருந்தும், உணவு குறைவின்றி இட்டும், அவை நாளடைவில் நிறம் வெளுத்து மடிந்தன. இதன் காரணம் பவளத்தின் உடலுக்குள்ளேயே மறைந்திருந்தது.

பாறை கட்டும் பவளப் பூச்சியின் தசையினுள் பொன்னிறம் தோய்ந்த பழுப்புப் பாசிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவை கண்ணுக்குப் புலப்படாத ஓரணு உயிர்கள். 1928, 1929ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டிற்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவினர், யாங் என்பாரின் தலைமையில், பவளங்களை ஒளி புகாப் பெட்டிகளில் அடைத்து வைத்துப் பார்த்தனர். பவளங்கள் தம் பாசிகளை இழந்தன. ஆயினும் இரை பெற்ற பவளங்கள் உயிரோடிருந்தன. ஆகவே பாசி பவளத்திற்கு உணவளிப்பதில்லை என்று யாங் கருதினார். அக்கருத்து நிலைபெறவில்லை. 1958இல் மஸ்கட்டின், ஹேண்டு என்னும் இருவர், பவளத்தின் உறவினமாகிய கடற்சாமந்தியிற் கதிரியக்கக் கரியைக் கொண்டு சோதனை செய்தனர். பாசி ஒளியின் துணையால் ஆக்கிய உணவு அவ்வுயிரின் உடலிற் சேர்வதை அச்சோதனை காட்டிற்று. அக்காலத்தை ஒட்டியே ஜமைக்காத் தீவில் ஆராய்ந்த கோரோ என்பவர், பவளம் இருளினும் ஒளியில் விரைந்து சுண்ணக்கல் படிவிக்கின்றது என்று கண்டார்.

பவளம் விலங்கே, எனினும் அதன் உணவிற் பெரும்பகுதியை விளைவிப்பது அதனுள் வாழும் பாசியே. பவளம் விடும் கரியமில வாயுவையும் கழிவையும் பாசி கொள்ளும். பாசி ஆக்கும் சர்க்கரையைப் பவளம் உண்ணும். ஆகவே பவளம் வளர்ப்போர் தொட்டியில் உண்மையில் ஓர் உழவே நடைபெறுகின்றது. உழவுக்குக் கதிரவன் வேண்டும். கூரையின்கீழ்க் கதிரவனுக்கு எங்குச் செல்வது?

ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் இவ்வினாவிற்கு எளிய விடை கண்டார். கடலிலிருந்து சிற்றுயிர்கள் பற்றிய பாறைத்துண்டுகளை எடுத்துத் தொட்டியில் அடுக்கி, சிறிது காற்றுக் குமிழியைச் செலுத்தி, வெயில் படுமாறு வைத்தார், பவளங்கள் தழைத்தன. 1961இல் அவர் இம்முறையை எழுதி வெளியிட்டார். நிலநடுக்கோட்டை அடுத்த நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பெர்லின் நகரத்தார்க்கோ குளிர்காலத்தில் அவ்வெயில் கிட்டாது. அங்குள்ள ஆர்வலர் மெட்டல் ஹாலைடு என்னும் பேரொளி விளக்குகளைத் தொட்டியின்மேல் தொங்கவிட்டனர். அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவியையும், குறைந்த சுண்ணத்தை ஈடுசெய்யச் சுண்ணாம்புத் தெளிநீரையும் பயன்படுத்தினர். இது பெர்லின் முறை எனப் பெயர் பெற்றது. அவ்விளக்குகள் ஒளியோடு வெப்பத்தையும் மிகுதியாக வீசின. நீரைக் குளிர்விக்கத் தனிப்பொறி தேவைப்பட்டது. இந்நாளில் எல்.இ.டி. விளக்குகளே பெரிதும் வழங்குகின்றன.

விளக்கின் நிறமும் கருதத்தக்கது. கதிரவன் ஒளி கடல்நீரிற் புகுங்கால் செந்நிறம் சில மீட்டர் ஆழத்திலேயே பெரிதும் மறைந்துவிடும். நீலமே ஆழத்திற் செல்லும். பவளத்தின் பாசி அந்நீல ஒளியைக் கொண்டு தொழில் செய்யப் பழகியது. ஆதலால் தொட்டி விளக்குகளில் நீலம் ஓங்கியிருக்குமாறு அமைக்கின்றனர். காலையில் இளநீலம், நண்பகலில் வெண்மை கலந்த நீலம், மாலையில் மீண்டும் இளநீலம் என ஒளி படிப்படியாக ஏறி இறங்குமாறு செய்வதும் உண்டு. நாள் ஒன்றுக்குப் பத்து மணி நேர அளவு ஒளி போதும். நீல ஒளி மட்டும் வீசுங்கால் பல பவளங்கள் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் தாமே சுடர்வனபோல் தோன்றும். காண்போரை முதலிற் கவர்வது இதுவே. பவளம் நலமாக உள்ளது என்பதற்கு இதனை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது.

புதிதாய் வளர்ப்போர் பலர் இழப்பிற்குள்ளாவது ஒளிக் குறைவாலன்று, ஒளி மிகையாலாம். மங்கிய இடத்தில் வாழ்ந்த பவளத்தைக் கொணர்ந்தவுடன் விளக்கின் நேர்கீழ் வைத்தால், பாசி அளவிறந்து தொழிற்பட்டுப் பவளத்திற்கு நஞ்சாகும் பொருள்களைத் தோற்றுவிக்கும். பவளம் அப்பாசியை வெளியேற்றிவிடும். பின் வெண்மையான கற்கூடு தசையினூடே புலப்படும். கடல் வழக்கத்தினும் மிகுதியாக வெப்பமுறுங்காலும் இதுவே நேர்கிறது. 2016இல் பெருந்தடைப் பவளத்திட்டின் வடபகுதி இவ்வாறே வெளுத்தது. ஆகவே புதிய பவளத்தைத் தொட்டியின் அடித்தளத்தில் வைத்துப் பல வாரங்களிற் சிறிது சிறிதாக மேலேற்றுதல் வேண்டும். மென்பவளங்கள் குறைந்த ஒளியில் நிறைவடையும். மான்கொம்பு போற் கிளைக்கும் கற்பவளங்கள் மிக்க ஒளியை வேண்டும்.

ஒளி செவ்வையாக அமைந்தபின் நீரைப் பேணுதல் வேண்டும். வெப்பநிலை 25 அல்லது 26 பாகை செல்சியசு அளவில் நிலைத்திருத்தல் நன்று. ஒரு கிலோகிராம் நீரில் 35 கிராம் உப்பு இருத்தல் வேண்டும். நீர் ஆவியாகுங்கால் உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த நீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது கடல்நீரன்று, தூய நன்னீரே. பவளம் வளர வளர நீரிலுள்ள சுண்ணம் குறையும். அதனையும் அளந்து ஈடுசெய்தல் வேண்டும். மீனுக்கு இடும் இரை மிகுந்தால் அதன் கழிவைத் தின்று பச்சைப்பாசி எங்கும் படர்ந்து பவளத்தை மூடும். அதற்கு விளக்கைக் குறை கூறுவோர் உளர். இட்ட இரையை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

தூத்துக்குடி, இராமேசுவரம் கடற்கரைகளை அடுத்து மன்னார் வளைகுடாவிற் பவளப் பாறைகள் உள. அங்கிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து வரலாம் என எவரேனும் எண்ணினால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் குற்றமாக்குகின்றது. கற்பவளங்கள் யாவும் 2001இல் அச்சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. புலிக்குரிய காப்பு அவற்றிற்கும் உண்டு. பிற நாடுகளிலும் பவளம் வளர்ப்போர் பலர் இப்பொழுது கடலை நாடாமல், தொட்டியில் வளர்ந்த பவளத்தின் கிளையையே கைம்மாற்றிக் கொள்கின்றனர். விரல் நுனியளவான துண்டொன்றை ஒடித்துச் சிறு கல்லில் ஒட்டி, மெல்லொளியில் வைத்தால், சில வாரங்களில் அதன் அடிப்பகுதி கல்லின்மேற் படர்ந்து பற்றிக்கொள்ளும்; பின்னர் நுனியில் வெண்ணிறத் தளிர் தோன்றும்.