முகமூடியைக் கழற்றினால் வசவு நிற்குமா?

கேள்வி: இணையத்தில் முகம் காட்டாதவர்கள்தான் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். அடையாளச் சான்று தந்தவர் மட்டுமே எழுதலாம் என்று சட்டம் போட்டால் என்ன?

பதில்: போட்டுப் பார்த்த நாடு தென் கொரியா. 2007 முதல் அங்கே பெரிய தளங்களில் எழுதுகிறவர் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. பெரும்பாலும் குடிமக்கள் பதிவு எண்ணைக் கொண்டுதான். குவித்து வைத்த விவரத்துக்கு ஆபத்தும் உண்டு: 2011இல் அந்நாட்டின் நேட், சைவேர்ல்டு தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்டில் அரசமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக அந்த விதியை ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை, மக்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள், பதிவு எண் இல்லாத வெளிநாட்டவர் பேசவே வழியில்லை என்றெல்லாம் தீர்ப்பு சுட்டியது. (ஏசுகிறவர்களுக்கோ கூச்சம் கிடையாது, சொந்தப் பெயரும் குடும்பப் படமும் போட்டுக்கொண்டே ஏசுவதை நம்மூர் ஃபேஸ்புக்கில் பார்க்கிறோமே!)

அப்படியானால் குற்றவாளியை எப்படிப் பிடிப்பது என்பீர்கள். நியாயமான கேள்விதான். புகார் வந்தபின் ஐபி முகவரியைக் கொண்டு ஒருவரைத் தேடலாம். அதற்காகக் கோடிப் பேரின் அடையாளத்தை முன்கூட்டியே வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. மறைவு கோழைக்கும் துணிச்சல் தரும், மறுக்கவில்லை. ஆனால் பெயர் கட்டாயமானால் முதலில் வாய் மூடுவது அவனல்ல. அடிக்கும் கணவனிடமிருந்து விலகி வாழ்பவளும், வீட்டில் சொல்ல முடியாத நோய்க்கு ஆலோசனை தேடுபவரும், முதலாளியின் அநியாயத்தைச் சொல்ல வந்த தொழிலாளியும்தான்.