கடைசி பஸ் எங்கே போச்சு?

1958 முதல் இ.போ.ச. மட்டுமே ஓடிய ரோட்டை 1979இல் தனியாருக்கும் திறந்துவிட்டார்கள். பஸ் கூடியது, மெய்தான். ஆனால் பிரைவேட் பஸ்காரருக்கு டிக்கட் காசுதான் வருமானம். டவுனில் சீட் நிறையும் வரை நிற்பார். ஆள் குறைந்த தோட்டத்து ரோட்டில் இரவு டிரிப்பை வெட்டிவிடுவார். பிள்ளைகளின் சீசன் டிக்கட்டும் அதில் செல்லாது, சிவப்பு பஸ்ஸுக்குத்தான் காத்து நிக்கணும்.

ஒன்று கவனியுங்கள். பேர்மிட் ரோட்டுக்கு மட்டுமல்ல, நேரத்துக்கும் சேர்த்துத்தான். கடைசி டிரிப் ஓடாவிட்டால் அது பேர்மிட்டை மீறியதாகும். மாகாணத்துக்குள் ஓடும் பிரைவேட் பஸ்ஸுக்கு பேர்மிட் கொடுப்பது மாகாண போக்குவரத்து அதிகார சபை. சும்மா திட்டிக்கிட்டு இருட்டில் நடந்து வராம, ரூட் நம்பர், திகதி, வராத பஸ்ஸின் நேரம் மூன்றையும் எழுதி அங்கே அனுப்புங்க. லயத்தில் பத்துப் பேர் கையெழுத்தும் வாங்கிக்குங்க.