ஆறு விட்டுச்சென்ற வழி

நுழையும்முன்

மகிழுந்தில் செல்பவர் ஒரே நாளில் பத்து ஊர்களைக் கடந்துவிடுவார். அவற்றுள் ஒன்றையேனும் கண்டதாக அவரால் சொல்ல இயலாது. நடந்து செல்பவர் ஓர் ஊரை நன்கு காண்பார். அடுத்த ஊரை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேகம் மிதிவண்டியினுடையது. தார் இடப்படாத சரளைப் பாதைகளில் ஆறும் காடும் குன்றும் கடந்து மிதிவண்டியில் செல்லும் பயணம் இன்று பல நாடுகளில் பரவிவருகிறது. தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ஆல்ட்மூல் பள்ளத்தாக்கு இயற்கைப் பூங்காவின் ஊடே அமையும் அத்தகைய பயணமே இப்பாடம்.

சரளைப் பாதையும் மிதிவண்டியும்

இரு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி, அவற்றின்மேல் அமர்ந்து விழாமல் செல்ல முடியும் என்று செய்துகாட்டியவர் கார்ல் டிரைஸ். இவர் பாடன் நாட்டின் வனத்துறை அதிகாரி. 1817ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று மன்ஹைம் நகரிலிருந்து தம் மரவண்டியில் புறப்பட்டார். அவ்வண்டிக்கு மிதிகட்டை இல்லை. கால்களால் தரையை உந்தியே செல்லவேண்டும். தார்ச்சாலைகள் தோன்றாத காலம் அது. எனவே, மிதிவண்டியைச் சரளைப் பாதைக்குக் கொண்டுசெல்வதைப் புதுமை என்பதைவிடத் தாய்வீடு திரும்புதல் என்பதே பொருந்தும்.

தார்ச்சாலைக்கென அமைந்த பந்தய மிதிவண்டியின் டயர் ஏறத்தாழ 25 முதல் 30 மி.மீ. அகலமே உடையது. அதனுள் காற்று மிக இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். சரளை வண்டியின் டயரோ 40 மி.மீ. அளவிலோ அதற்கு மேலோ அகன்றிருக்கும். காற்றும் குறைவாகவே அடைக்கப்படும். காற்றுக் குறைந்தால் வண்டி மெதுவாகத்தானே செல்லும் என்று கேட்கத் தோன்றும். வழவழப்பான சாலையில் அது உண்மை. சரளையில் நிகழ்வது வேறு. இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின்மீதும் மோதி வண்டியையும் ஓட்டுபவரையும் மேலே தூக்குகிறது. முன்னோக்கிச் செல்லவேண்டிய ஆற்றல் இவ்வாறு தூக்குவதிலும் குலுக்குவதிலும் வீணாகிறது. மென்மையான டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருள்வதால் ஆற்றல் மிஞ்சுகிறது. கற்களோடு மல்லுக்கட்டாமல் செல்வதே இவ்வண்டியின் நுட்பம் எனலாம்.

பூங்கா என்னும் சொல்

பூங்கா என்றவுடன் வேலியும் வாயிலும் நுழைவுச்சீட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. ஜெர்மனியில் ‘இயற்கைப் பூங்கா’ என்பது அத்தகையதன்று. தேசியப் பூங்காவில் இயற்கையை அதன்போக்கில் விட்டுவிடுவது நோக்கம். இயற்கைப் பூங்காவில் ஊர்கள் இருக்கும், உழவும் மேய்ச்சலும் நடைபெறும், கல்லும் உடைப்பர். மனிதர் வாழ்ந்தும் உழைத்தும் உருவாக்கிய நிலத்தோற்றத்தைக் காத்து, அதில் யாவரும் இளைப்பாற வழிசெய்வதே அதன் பணி. 1969இல் நிறுவப்பட்ட ஆல்ட்மூல் பள்ளத்தாக்கு இயற்கைப் பூங்கா ஏறத்தாழ 3,000 சதுர கி.மீ. பரப்புடையது. அதற்கு வேலியும் இல்லை, கட்டணமும் இல்லை.

ஆற்றோரம்

குன்சன்ஹவுசன் நகரில் புறப்பட்டு, ஆல்ட்மூல் ஆறு டான்யூபோடு கலக்கும் கெல்ஹைம் வரை ஆற்றோர மிதிவண்டிப் பாதை 166 கி.மீ. நீள்கிறது. இந்த ஆறு மிக மெதுவாக ஓடுவது. இலையொன்று நீரில் விழுந்தால் அது எத்திசையில் செல்கிறது என்று அறியச் சற்றுநேரம் நின்று பார்க்கவேண்டியிருக்கும்.

வழியில் கிராபன் என்றொரு சிற்றூர். ‘அகழ்’ என்பதே அச்சொல்லின் பொருள். இங்கு ஆல்ட்மூல் ஆற்றுக்கும் ரெசாட் ஆற்றுக்கும் இடைவெளி ஏறத்தாழ 2 கி.மீ. மட்டுமே. முன்னது டான்யூப் வழியே கருங்கடலுக்குச் செல்வது. பின்னது மைன், ரைன் ஆறுகளின் வழியே வடகடலைச் சேர்வது. இரண்டையும் இணைத்துவிட்டால் இரு கடல்களுக்கும் இடையே படகுவழி அமையும் என்று எண்ணிய பேரரசர் சார்லமேன் 793ஆம் ஆண்டு கால்வாய் வெட்டச் செய்தார். இலையுதிர்கால மழையில் ஈரமண் சரிந்துகொண்டே இருந்தது. பகலில் வெட்டிய மண் இரவில் உள்ளே இறங்கியது என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. அன்று எடுத்த அகழின் ஒரு பகுதி இன்றும் மரநிழலில் நீர் நிறைந்து கிடக்கிறது. இக்கால்வாயின் கதை இத்துடன் முடியவில்லை. பயணத்தின் இறுதியில் அதனை மீண்டும் சந்திப்போம்.

கல்லில் பதிந்தவை

சோலன்ஹோபன் ஊரை நெருங்கும்போது சக்கரத்தின் கீழுள்ள சரளை வெண்மையாகிறது. அது இவ்வூர்ச் சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி வெப்பமான ஆழமற்ற கடலாக இருந்தது. கடற்பஞ்சுகள் எழுப்பிய திட்டுகளுக்கிடையே உப்பு மிகுந்த காயல்கள் தேங்கின. அவற்றின் அடிநீரில் உயிர்வளி இல்லாததால் அங்கு விழுந்த உயிரினங்களைத் தின்னவோ கலைக்கவோ எதுவும் வாழவில்லை. நுண்ணிய சுண்ணாம்புச் சேறு ஏடு ஏடாக அவற்றின்மேல் படிந்து இறுகியது. அந்தக் கடற்பஞ்சுத் திட்டுகளின் எச்சங்கள் பன்னிரண்டு திருத்தூதர் பாறைகள் என்னும் பெயரில் ஆற்றுக்கு மேலே இன்றும் வரிசையாக நிற்கின்றன.

இக்கல் ஏடுகளாகப் பிளக்கும் இயல்புடையது. அவ்வேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இவ்வூரார் வீட்டுக்குக் கூரை வேய்ந்தனர். மியூனிக் நகரில் வாழ்ந்த நாடக ஆசிரியர் அலாய்ஸ் செனெஃபெல்டர் 1796இல் இக்கல்லில் வேறொரு பயனைக் கண்டார். சலவைக்குப் போடவேண்டிய துணிகளின் கணக்கைக் குறிக்கத் தாள் கிடைக்காமல், கையருகே இருந்த கல்லின்மேல் எழுதியதாக அவரே கூறியுள்ளார். அதிலிருந்து தொடர்ந்த சோதனைகள் கல்லச்சு முறைக்கு இட்டுச்சென்றன. நெய்ப்பசை உள்ள மையால் கல்லில் எழுதி, கல்லை நீரால் நனைத்து, அதன்மேல் அச்சுமை உருட்டினால் எழுத்தில் மட்டுமே மை ஒட்டும். நனைந்த பகுதி மையை ஏற்காது. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையே ஒரு தொழிலாயிற்று. நுண்துகள் செறிந்த சோலன்ஹோபன் கல்லே இதற்கு உலகில் மிக உயர்ந்ததாகக் கருதப்பட்டது. நம் நாட்டு வீடுகளில் ரவிவர்மாவின் தெய்வப் படங்கள் இடம்பெறக் காரணமான அச்சகம் 1894இல் மும்பையில் தொடங்கப்பட்டது. அதுவும் கல்லச்சு முறையையே கைக்கொண்டது.

அச்சுக்கல்லுக்காகச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒவ்வோர் ஏட்டையும் கையால் பிளந்து பார்த்தனர். அதனால்தான் 1861இல் ஓர் இறகின் பதிவும், சிறகுடைய ஓர் உயிரியின் எலும்புக்கூடும் அறிவியல் உலகின் பார்வைக்கு வந்தன. பறவையைப் போன்ற இறகு. ஊர்வனவற்றைப் போன்ற பற்களும் எலும்புள்ள நீண்ட வாலும். டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வுயிரிக்கு இடப்பட்ட பெயர் ‘ஆர்க்கியோப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா’. அச்சுக்கல்லில் கிடைத்த தொல்சிறகு என்பது அதன் பொருள். இயந்திரத்தால் வெடிவைத்து உடைக்கப்பட்டிருந்தால் அந்த இறகு தூளாகியிருக்கும்.

தெரிந்து தெளிவோம்

டோல்ன்ஸ்டைன் ஊருக்குக் கீழே பள்ளத்தாக்கு திடீரென அகன்றுவிடுகிறது. இவ்வளவு மெல்லிய ஆறு இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கை எவ்வாறு அறுத்தது? அறுத்தது ஆல்ட்மூல் அன்று, டான்யூப். பனியூழிக் காலத்தில் டான்யூப் தன் போக்கை மாற்றித் தெற்கே விலகிச்சென்றது. அது கைவிட்ட பள்ளத்தாக்கில் ஆல்ட்மூல் குடியேறியது. வெல்ஹைம் அருகே டான்யூபின் பழைய தடம் பேராறு எதுவும் இல்லாத அகன்ற பள்ளத்தாக்காக இன்றும் உள்ளது. அதன் தரையில் மிதிவண்டி ஓட்டிச்செல்பவர் ஆறு விட்டுச்சென்ற வழியில் செல்கிறார்.

காட்டுக்குள்

ஐக்ஸ்டெட் நகருக்கு அப்பால் ஆற்றோரப் பாதையை விட்டு மேலேறலாம். பள்ளத்தாக்கின் சரிவில் 100 மீட்டருக்கு மேல் ஏறினால் பீச் மரக்காடுகளும் வயல்களும் மாறிமாறி வரும் மேட்டுநிலம். சரளை வண்டியின் உண்மையான களம் இதுவே. வெட்டிய மரங்களை ஏற்றிச்செல்லும் சரக்குந்துகளுக்காகச் சுண்ணாம்புக்கல் சல்லியைக் கொட்டி இறுக்கிய வழிகள் காடெங்கும் கிளைக்கின்றன. மழை பெய்தால் வண்டியும் ஓட்டுபவரும் வெள்ளையடித்ததுபோல் ஆவது உறுதி. ஒன்றை மறவாது எடுத்துச்செல்ல வேண்டும்: குடிநீர். பச்சைப்பசேல் என்றிருந்தாலும் இம்மேட்டில் ஓடை காண்பது அரிது. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில்தான் ஊற்றாக வெளிப்படுகிறது. மேட்டு ஊரார் முற்காலத்தில் களிமண் பூசிய குட்டைகளில் மழைநீரைத் தேக்கி வாழ்ந்தனர்.

இக்காட்டு வழியில் செல்ல நமக்கு யார் உரிமை தந்தது? பவேரியக் காடுகளில் பாதிக்கு மேற்பட்டவை தனியாருடையவை. ஆயினும் அங்கு யாரும் தடுத்து நிறுத்துவதில்லை. 1946இல் இயற்றப்பட்ட பவேரிய அரசமைப்பின் 141ஆம் உறுப்பு, இயற்கை எழிலைத் துய்ப்பதும் திறந்த வெளியில் இளைப்பாறுவதும் யாவர்க்கும் உரியவை என்கிறது. காட்டில் விளையும் கனிகளை வழக்கமான அளவில் பறித்துக்கொள்ளவும் இசைகிறது. போரில் நகரங்கள் இடிந்து கிடந்த காலத்தில் இப்படியொரு விதியை எழுதியோரின் உள்ளத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாதவர்க்கும் மலையும் ஏரியும் உண்டு என்று எழுதிவைத்தனர்.

அவர்கள் மனத்தில் இருந்தவர் நடந்துசெல்பவர். மிதிவண்டிக்குச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், ‘பொருத்தமான வழிகளில்’ மட்டும். நடப்பவர்க்கே முன்னுரிமை என்றும் கூறுகிறது. எது பொருத்தமான வழி என்பதில்தான் இன்றைய வழக்கு அனைத்தும் அடங்கியுள்ளது. சரக்குந்து செல்லும் அகன்ற வழி பற்றி எவருக்கும் ஐயமில்லை. ஒற்றையடித்தடத்தில் சக்கரம் மண்ணைக் கிளறுகிறது. மழைநீர் அவ்வழியே அரித்து ஓடுகிறது. எதிரே வருபவர் ஒதுங்க இடமின்றித் திகைக்கிறார். அந்தியில் மான்கள் மேய வெளிவரும் நேரத்தில் விளக்கொளியுடன் பாய்ந்துவரும் வண்டிகள் அவற்றை மீண்டும் காட்டுக்குள் விரட்டுகின்றன. வண்டிகள் பெருகப் பெருக, நில உரிமையாளர் தடை கோருகின்றனர். வண்டியோட்டுவோர் அரசமைப்பைக் காட்டுகின்றனர். இதில் ஒரு சாராரை மட்டும் குற்றம் கூற இயலாது. ஆயினும், தடையெழும்போது முதலில் இழப்பவர் இவ்விரு சாராருள் எவருமல்லர். கைத்தடியூன்றிக் காளான் பறிக்கவரும் முதியவரே என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

கிப்ஃபன்பெர்க் செல்லும் வழியில் குங்கோல்டிங் ஊரையடுத்த சரிவில் ஜூனிபர்ப் புதர்கள் தூண்களைப்போல் நிற்கின்றன. இடையிடையே குறும்புல். பார்ப்பதற்கு இயற்கையாகத் தோன்றும் இக்காட்சியை உருவாக்கியவை ஆடுகள். ஆடு மேய்வது நின்றால் சில பத்தாண்டுகளில் காடு மூடிவிடும். வெயில் விரும்பும் செடிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் மறைந்துவிடும். முள்ளுள்ள ஜூனிபரை ஆடு தொடுவதில்லை. அதனாலேயே அது தப்பியது. இங்குப் பாதையை விட்டு ஓரடியும் விலகலாகாது.

கால்வாயும் மரப்பாலமும்

டீட்ஃபர்ட் ஊருக்குக் கீழே ஆற்றின் ஓசையே மாறிவிடுகிறது. கரைகள் நேராகின்றன, நீர் அகன்று அசைவற்று நிற்கிறது, சரக்குக் கப்பலொன்று கடந்துசெல்கிறது. சார்லமேன் கண்ட கனவு ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் கழித்து, 1992இல், மைன்-டான்யூப் கால்வாயாக நிறைவேறியது. 171 கி.மீ. நீளமுள்ள அக்கால்வாய்க்காகக் கீழ் ஆல்ட்மூல் ஆழப்படுத்தப்பட்டது. அதன் வளைவுகள் பல மறைந்தன. இயற்கை ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தனர். கட்டியவர்கள் இழப்பை ஈடுசெய்யக் கரையோரம் உப்பங்கழி போன்ற தேக்கங்களை அமைத்து, நாணலும் மரமும் நட்டனர். அவற்றுள் சில இன்று அழகாகவே உள்ளன. எனினும், மேற்பகுதியில் மூன்று நாள் ஆற்றோடு ஒட்டிவந்தவர் கண்ணுக்கு வேறுபாடு புலப்படாமல் போகாது.

எஸ்ஸிங் ஊரில் கால்வாயைக் கடக்க நடப்போர்க்கும் மிதிவண்டிகளுக்கும் மட்டுமான மரப்பாலம் ஒன்றுண்டு. ஏறத்தாழ 190 மீட்டர் நீளம். தூண்களுக்கிடையே தொய்ந்து தொய்ந்து, நெளியும் பாம்புபோல் அமைந்தது. பலகைகளின்மேல் சக்கரம் உருளும்போது எழும் தடதடவென்னும் ஒலியைக் கேட்டுக் கரையிலுள்ள நாரைகள் தலைதூக்குகின்றன. பாலத்தின் ஒருபுறம் கப்பல் செல்லும் கால்வாய். மறுபுறம் ஊரை ஒட்டி, வெட்டப்படாமல் எஞ்சிய பழைய ஆற்றின் கிளை.

அங்கிருந்து கெல்ஹைம் அருகில்தான். அந்நகரின் கீழே ஆல்ட்மூல் நீர், தான் ஓடிவந்த பள்ளத்தாக்கை முன்னொரு காலத்தில் அறுத்துக்கொடுத்த டான்யூபோடு கலக்கிறது.