தவணைக்கு முன் வாடகை வீட்டைக் காலி செய்தல்

சொந்த வீடு கட்டிக் குடிபுகும் நாள் மகிழ்ச்சியான நாள். குர்ஆன் ஓதி, உற்றார் உறவினருக்கு விருந்தளித்துக் குடியேறுகிறோம். அந்த மகிழ்ச்சியில், விட்டு வந்த வாடகை வீட்டுக்காரரின் ஹக்கைப் பலர் மறந்து விடுகிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் மாதம் 8,000 ரூபாய் வாடகைக்கு 11 மாத ஒப்பந்தம் எழுதி, 7 மாதம் குடியிருந்தார். சொந்த வீடு தயாராகி விட்டது. "நான் குடியிராத மாதங்களுக்கு வாடகை எதற்கு?" என்கிறார். வீட்டுக்கு உரியவரோ அந்த வாடகையைக் கொண்டே காலந்தள்ளும் ஒரு விதவைத் தாய். மார்க்கம் என்ன சொல்கிறது?

வாடகை ஒப்பந்தத்தை ஃபிக்ஹில் 'இஜாரா' என்பர். ஒரு பொருளின் பயனைக் குறிப்பிட்ட தவணைக்கு விலைபேசுவதே அது. விற்றவர், வாங்கியவர் இருவரையும் அது கட்டுப்படுத்தும். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே, உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில், வீடு இடிந்து குடியிருக்க முடியாமற் போனால் ஒப்பந்தம் அத்துடன் முறிந்து விடும். ஆனால் குடியிருப்பவருக்கு ஏற்படும் பயணம் போன்ற சொந்தக் காரணங்களால் முறியாது. சாவி கைக்கு வந்த பின், குடியிருந்தாலும் பூட்டி வைத்தாலும் வாடகை கடமையே. ஹனஃபீ மத்ஹபில் தக்க 'உத்ரு' இருந்தால் முறிக்கலாம். எனினும், மலிவான வீடு கிடைத்ததையும், சொந்த வீடு வாங்கியதையும் உத்ராக அந்த இமாம்கள் ஏற்கவில்லை. ஆகவே, மேற்சொன்னவர் மீது மீதி 4 மாத வாடகை 32,000 ரூபாய் கடனாக நிற்கிறது.

இதற்கு வழியே இல்லையா? உண்டு.

ஒன்று: ஒரு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யலாம் என்று ஒப்பந்தத்திலேயே பேசியிருந்தால், அதன்படி நடந்து கொள்ளலாம்.

இரண்டு: 'இகாலா'. இருவரும் மனமொப்பி ஒப்பந்தத்தை ரத்துச் செய்வது. இவ்வாறு ஒரு முஸ்லிமை விடுவிப்பவருடைய தவறுகளை அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி வந்துள்ளது. ஆனால் இது வீட்டுக்காரரின் பெருந்தன்மை. நாம் அதட்டிப் பெறும் உரிமையன்று.

மூன்று: வீட்டுக்காரரின் சம்மதத்துடன், நம்மைப் போன்றே வீட்டைப் பேணும் வேறொரு குடும்பத்தை மீதித் தவணைக்கு அமர்த்துவது. மேற்கண்ட தாய்க்கு நஷ்டம் வராத வழி இதுவே.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. காலியான வீட்டை வேறொருவருக்கு விட்டு விட்டு, அதே மாதங்களுக்குப் பழையவரிடமும் வாடகை வாங்குவது கூடாது. சேரவேண்டியது போக மீதி அட்வான்ஸ் பணத்தை இழுத்தடிப்பதும் அநியாயமே. அதுபோலக் குடியிருப்பவரும், "அட்வான்ஸில் கழித்துக் கொள்ளுங்கள்" என்று சம்மதம் கேளாமல் சொல்லிப் போகலாகாது.

இவையெல்லாம் மாத வாடகைக்கு உரியவை. பெருந்தொகை கொடுத்து வாடகையின்றி இருக்கும் ஒத்தியில் வட்டியின் பிரச்சினை இருப்பதால், அதைத் தனியே ஆராய வேண்டும்.

புது வீட்டின் பரக்கத், பழைய வீட்டின் கணக்கை நேர்மையாகத் தீர்ப்பதில் தொடங்குகிறது. பிறர் ஹக்கைப் பேணி வாழ வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.