லயத்து வாசலில் தரைப்பூ

ஏப்ரலில் நுவரெலியா மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்னிடம் போனை நீட்டுவார்கள். ஜப்பானில் சிச்சிபு நகரத்து ஹிட்சுஜியாமா பூங்கா; சரிவு முழுக்க இளஞ்சிவப்பு. "இது நம்ம லயத்து வாசல்ல வருமா?" அந்தச் செடி படர் புளொக்ஸ். வளர்த்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: பிழைத்துக்கொள்ளும், படத்தில் உள்ளதுபோல் பூக்காது.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படியும், வெயில் ஏறியதும் உருகிவிடும். வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்துப் பாறைச் சரிவுகளில் பிறந்த செடிக்கு அது போதாது. வாரக்கணக்கில் நீளும் குளிர்காலம் வந்து போனால்தான் எல்லா மொட்டும் சேர்ந்து விரியும். இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். ஆனால் செடியைக் கொல்வது குளிர்க் குறைவு அல்ல, மழை. அட்டன் பக்கம் மே கடைசியில் தென்மேற்கு மழை இறங்கினால், தண்ணீர் தேங்கும் இடத்தில் செடியின் நடுப்பாகம் அழுகி, ஓரம் மட்டும் பச்சையாக நிற்கும்.

ஆகவே சமதரையில் நடாதீர்கள். தேயிலை மலையில் கான் எதற்கு வெட்டுகிறோம் என்று தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். லயத்துக்குக் கீழே இருக்கும் கல்லுக்கட்டின் விளிம்புதான் இதற்கு இடம். நல்ல வெயிலும் விழ வேண்டும். மண்ணில் பாதிக்குப் பாதி சரளையும் மணலும் கலந்துவிடுங்கள். நம் தேயிலை மண் புளிப்பு. கவ்வாத்து முடிந்த மலைக்குப் போடும் டொலமைட்டில் ஒரு பிடி இதற்கும் போடலாம். யூரியா வேண்டவே வேண்டாம், இலைதான் கொழுக்கும். டிசம்பரில் ஓரடி இடைவெளியில் நட்டால், மழை குறைந்த மாதங்களில் வேர் பிடித்துவிடும். அப்போது தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது. ஏப்ரல் முடிவில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால், பெருமழையிலும் செடிக்குள் காற்றோட்டம் இருக்கும். வெட்டிய இளங்கம்புகளை மணலில் ஊன்றி, தேயிலைத் தவாரணையில் செய்வதுபோல் பொலித்தீன் போட்டு மூடினால் புதுச் செடி.

இவ்வளவு பாடுபட மனமில்லை, வாசலில் நிறம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு டிரம்மண்ட் புளொக்ஸ் இருக்கிறது. டெக்சாஸ் செடி, ஒரே பருவம்தான் வாழும். ஜனவரியில் விதைத்தால் ஏப்ரல் சீசனுக்குப் பூத்துவிடும். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. பூத்து முடிந்ததும் மண் மறுபடி வெறுமையாகி, அடுத்த மழையில் கரைந்து போகிறது.

என் தேர்வு வேறு. நுவரெலியாப் பாதையோரக் கற்சுவர்களில் யாரும் நடாமலே தொங்குகிற சின்ன டெய்சி, எரிஜரான். வெள்ளையாக விரிந்து, வாட வாட இளஞ்சிவப்பாகும். ஒரே செடியில் இரண்டு நிறமும் தெரியும். மெக்சிக்கோ, மத்திய அமெரிக்க மலைகளிலிருந்து வந்தது. கல் இடுக்கில் கைப்பிடி மண் இருந்தாலே போதும், அடைமழையையும் தாங்கும். ஆனால் தானாகப் பரவும். நியூசிலாந்தில் இதைத் தொல்லைச் செடியாகவே பார்க்கிறார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த கோர்ஸ் முட்செடி ஹோர்ட்டன் சமவெளியில் எப்படிப் பரவியதென்று நமக்குத் தெரியும். காட்டோரத்திலும் ஓடைக் கரையிலும் இருக்கிற வீட்டுக்காரர்கள் எரிஜரானை நடவே கூடாது. மற்றவர்கள் விதை முற்றும் முன் வெட்டிவிடுங்கள்.

எதை நட்டாலும் முதல் வருஷம் சுரண்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். களையைக் கையால் பிடுங்குங்கள், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது.