பந்தோடு ஃபைலும் வேண்டும், தங்கச்சி

ஃபுட்பால் ஆடித்தான் காலேஜுக்குப் போவேன் என்று நீ சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம். பிளஸ் ஒன்னில் இருக்கிறாய், கையில் இன்னும் இரண்டு சீசன் மிச்சம். ‘பொண்ணுக்கு எதுக்கு ஃபுட்பால்?’ என்று உறவுக்காரர்கள் யாராவது கேட்டால் இந்துமதி கதிரேசனைப் பற்றிச் சொல். கடலூர்ப் பெண், இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். நம் மாநிலப் பெண்கள் அணி 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறது. ஆகாத ஆசை எதையும் நீ படவில்லை.

முதலில் ஒரு ஃபைல் போடு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கொடுப்பவர்கள் நீ கோல் அடித்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள், சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. சான்றிதழ்களை நேரில் சரிபார்த்து, மார்க் போட்டு, தரவரிசை தயாரிப்பார்கள். லோக்கல் டோர்னமெண்டில் அலமாரி நிறையக் கோப்பை வாங்கியிருந்தாலும், தமிழ்நாட்டு ஜெர்சி போட்டு ஒரு தேசியப் போட்டியில் இறங்கியதற்குத்தான் எடை அதிகம். அதனால் எந்தப் போட்டிக்குப் போவது என்பதையும் யோசித்துத் தேர்ந்தெடு. சான்றிதழைக் கையில் வாங்கியதும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே பார். தப்பு இருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல். ஃபுட்பால் சங்கத்தின் கையெழுத்து வேண்டிய படிவங்களை பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை தள்ளிப்போடாதே. அந்த நேரத்தில் எல்லோரும் அதே மேசை முன்னால்தான் வரிசையில் நிற்பார்கள். ‘சர்டிஃபிகேட் ரெடி பண்ணித் தர்றேன்’ என்று காசு கேட்டு வருகிறவரிடம் பேச்சே வேண்டாம்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் குழம்புவது மாவட்டத்தில். அம்பத்தூர் வட்டம் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. வீடு ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம் என்றால் முதலமைச்சர் கோப்பைக்கு எங்கே பதிவது, மாவட்ட செலக்‌ஷனுக்கு எங்கே போவது என்று பி.இ.டி. டீச்சரிடம் பள்ளி திறந்த கையோடு கேட்டுவிடு.

படிப்பை விட்டுவிடாதே. குறைந்தபட்ச மார்க் இல்லாமல் எந்தக் கோட்டாவும் கை கொடுக்காது. சென்னை ஐ.ஐ.டி. 2024-இலிருந்து ஒவ்வொரு பி.டெக்., பி.எஸ். படிப்பிலும் விளையாட்டு வீரர்களுக்கென இரண்டு கூடுதல் இடங்கள் தருகிறது. அதில் ஒன்று பெண்களுக்கு மட்டும். ஃபுட்பாலும் பட்டியலில் உண்டு. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் ரேங்க் பட்டியலுக்குள் வந்திருக்க வேண்டும், தேசிய அளவில் பதக்கமும் வேண்டும்.

இன்ஜினியரிங்தான் என்றில்லை. கலை, அறிவியல் கல்லூரிகள் பலவும் தாங்களே டிரையல்ஸ் வைத்து ஆள் எடுக்கின்றன. அங்கே பெண்கள் ஃபுட்பால் டீம் உண்மையிலேயே இருக்கிறதா, போன வருடம் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போனதா, ஃபீஸ் சலுகை எத்தனை வருடத்துக்கு என்று உடற்கல்வி இயக்குநரிடம் நேராகக் கேள். கோச் ஆகும் எண்ணம் இருந்தால் 1920-இல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும், மேலக்கோட்டையூர் உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை உன் முழங்கால்தான். முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கிழிந்தால் ஆப்பரேஷன், பிசியோ என்று பெரும்பாலும் ஒரு சீசனே போய்விடும். இந்தக் காயத்தைக் குறைக்க ஃபிஃபாவே ‘11+’ என்ற வார்ம்-அப்பைக் கொடுத்திருக்கிறது. மெதுஓட்டம், பிளாங்க், ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முட்டி உள்ளே மடங்காமல் இறங்குவது, கடைசியில் வேக ஓட்டம்: எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். பந்தைத் தவிர வேறு சாமான் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது செய், டீமையும் செய்யவை. நம் ஏரியா கிரவுண்டுகள் கோடையில் கட்டாந்தரையாக இறுகிவிடும். அதற்கு நீள ஸ்டட் பூட்ஸ் வேண்டாம், குட்டையான ரப்பர் ஸ்டட் போதும். சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, களைப்பு தீரவில்லை என்றால் ‘ஸ்டாமினா இல்லை’ என்று உன்னையே திட்டிக்கொள்ளாமல் ஹீமோகுளோபின் டெஸ்ட் எடு. பீரியட்ஸ் நாளில் வலி தாங்க முடியவில்லை என்றால் கோச்சிடம் சொல். அது ஆண் கோச்சாக இருந்தாலும் சொல். இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

டிரையல்ஸ் அன்று உன் பொசிஷனிலேயே ஆடு. பந்தை வைத்துக்கொண்டு நான்கு பேரைத் தாண்டிக் காட்ட நினைக்காதே. முதல் டச் சுத்தமாக இருக்கிறதா, பந்து பறிபோனதும் திரும்பி ஓடி வருகிறாயா, பக்கத்தில் ஆடுகிறவளிடம் குரல் கொடுக்கிறாயா என்றும் தேர்வாளர்கள் கவனிப்பார்கள். பேர் வரவில்லை என்றால் அழுதுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடாதே. கோச்சிடம் போய் ‘எனக்கு எதில் குறை, சார்?’ என்று கேட்டு, அவர் சொல்வதை அங்கேயே போனில் குறித்துக்கொண்டு கிளம்பு.