ஓட்டில்லாத ஊரில் ஒரு தேர்தல்

2024 நவம்பர் 6 இரவு ஜெர்மன் சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் தன் நிதியமைச்சர் கிறிஸ்டியான் லிண்ட்னரைப் பதவியிலிருந்து நீக்கினார். அத்தோடு மூன்று கட்சிக் கூட்டணி கலைந்தது. 2025 பிப்ரவரி 23-இல் தேர்தல் என்று முடிவானது. பிராங்க்ஃபர்ட்டில் குடியிருக்கும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில் அதற்குப் பிறகு எங்கே கூடினாலும் ஒரே பேச்சுதான். பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூட அதுதான். "சட்டத்தை மாத்திடுவாங்களா? இப்பவே அப்ளிகேஷன் போட்டுடலாமா?"

கேட்டதில் நியாயம் உண்டு. புதிய குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 2024 ஜூன் 27 முதல், எட்டு ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஐந்தாகக் குறைந்தது. ஜெர்மன் மொழியில் சி1 நிலையும், வேலையிலோ படிப்பிலோ பொதுத்தொண்டிலோ தனிச்சிறப்பும் இருந்தால் மூன்றே ஆண்டு. 'டர்போ' என்று எல்லோரும் சொன்னது இதைத்தான். பழைய நாட்டின் குடியுரிமையை விட வேண்டும் என்ற கட்டாயமும் போனது. அந்த ஆண்டு மட்டும் 2,91,955 பேர் ஜெர்மன் குடியுரிமை பெற்றார்கள். எதிர்க்கட்சிகளான சி.டி.யூ.வும் சி.எஸ்.யூ.வும் இந்தச் சீர்திருத்தத்தைத் திரும்பப் பெறுவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதின. கருத்துக்கணிப்புகளில் முன்னால் நின்றவையும் அவைதான்.

ஓட்டுரிமை இல்லாமல், ஆனால் குடியுரிமைக்கு மனுப் போடும் கட்டத்தில் நின்று அந்தத் தேர்தலைப் பார்த்தவன் நான். அடுத்தடுத்த தேர்தல்களில் இதே இடத்தில் நிற்கப்போகிறவர்களுக்கு இதில் சில விஷயங்கள் உதவும்.

எங்கள் கட்டிடத்தின் தரைத்தளத்தில் ஒரு துருக்கிப் பெரியவர் இருக்கிறார். ஜெர்மனி வெளிநாட்டுத் தொழிலாளர்களை வரவழைத்த காலத்தில் இளைஞராக வந்தவர். தேர்தல் பற்றி அவரிடம் பேச்செடுத்தால் 1999-க்குப் போய்விடுவார். அந்த ஆண்டு பிப்ரவரியில் எங்கள் ஹெஸ்ஸன் மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல். அப்போதைய சான்சலர் ஷ்ரோடரின் அரசு இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்க நினைத்தது. அதை எதிர்த்து ரோலண்ட் கோஹ் தலைமையில் சி.டி.யூ. தெருவில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கியது. "அதோ, அந்த ரொட்டிக் கடை முன்னாலதான் மேசை. வேலை முடிஞ்சு வரும்போது என் கூட வேலை செய்யறவரே வரிசையில் நின்னு கையெழுத்துப் போட்டார்" என்று ஜன்னல் வழியே காட்டினார். கோஹ் ஜெயித்தார். ஒரு மாநிலம் கைவிட்டுப் போனதில், மாநில அரசுகள் இடம்பெறும் மேலவையில் அரசுக்குப் பெரும்பான்மை போயிற்று. 2000-இல் வந்த சட்டம் சமரசச் சட்டமாகத்தான் வந்தது. வசிப்புக் காலம் பதினைந்திலிருந்து எட்டாண்டாகக் குறைந்தது. ஆனால் இங்கே பிறந்த வெளிநாட்டவர் பிள்ளைகள் 23 வயதுக்குள் ஏதாவது ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். 2014-இல்தான் அது தளர்ந்தது. பெரியவர் துருக்கிக் குடியுரிமையை விடாமலே ஜெர்மன் குடியுரிமை பெற 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. குடியுரிமைச் சட்டம் தேசியத் தேர்தலில் மட்டும் மாறுவதில்லை. நாம் செய்தியில்கூடப் பார்க்காத ஒரு மாநிலத் தேர்தல் அதைத் திருப்பிவிடும். அதே சமயம், மேடையில் சொன்னது அப்படியே சட்டமாவதும் இல்லை.

2025-லும் அப்படித்தான் நடந்தது. சி.டி.யூ. - சி.எஸ்.யூ. 28.5 சதவீதம் வாங்கி முதலிடம் பிடித்தன. தனியாக ஆளப் போதாது. தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி. 20.8 சதவீதத்தோடு இரண்டாமிடம். அதனோடு கூட்டு இல்லை என்று சி.டி.யூ. தலைவர் ஃப்ரீட்ரிஷ் மெர்ஸ் சொல்லியிருந்ததால், 16.4 சதவீதம் வாங்கிய எஸ்.பி.டி.யோடுதான் பேச வேண்டியிருந்தது. 2024-இன் சட்டத்தைக் கொண்டுவந்த அரசுக்குத் தலைமை தாங்கிய கட்சியே எஸ்.பி.டி.தான். ஏப்ரலில் வெளியான கூட்டணி ஒப்பந்தத்தில் ஐந்தாண்டு தப்பியது, இரட்டைக் குடியுரிமையும் தப்பியது. டர்போ மட்டும் பலியானது. அதையும் நாடாளுமன்றம் அக்டோபர் 8-இல்தான் நீக்கியது. அந்த மாதம் 30-இல் நடைமுறைக்கு வந்தது. தேர்தல் நாளிலிருந்து கணக்கிட்டால் எட்டு மாதம்.

ஆகவே தேர்தல் அறிக்கையைப் படித்துத் தூக்கம் கெடாதீர்கள். கூட்டணி ஒப்பந்தம் வரும்வரை பொறுத்து, அதில் குடியுரிமை பற்றிய பத்தியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். நடக்கப்போவது பெரும்பாலும் அதில் இருக்கும். அதற்கு அடுத்து மசோதா நாடாளுமன்றத்துக்கு வரும் தேதியைக் கவனித்தால் போதும். இடைப்பட்ட காலத்து யூடியூப் காணொளிகளில் பாதி வீண் பதற்றம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது. மனுப் போட்ட நாளில் இருந்த சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று பலர் நம்பினார்கள். அப்படி இல்லை. முடிவெடுக்கும் நாளில் எந்தச் சட்டம் இருக்கிறதோ அதுதான் செல்லும். டர்போவை நீக்கியபோது நிலுவையில் கிடந்த மூன்றாண்டு மனுக்களுக்குத் தனிச் சலுகை எதுவும் தரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணி முடித்து வந்து சி1 படித்துத் தேர்ச்சி பெற்றவர், தேர்தலுக்கு முன்பே மனுப் போட்டவர். கோப்பு யார் மேசைக்கும் போகாமலே நாள் ஓடிவிட்டது. அவர் உழைப்பை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. அலுவலகத் தாமதத்தின் விலையை விண்ணப்பதாரர் தலையில் கட்டுவது அநியாயம். ஐந்தாண்டு நிறையும்வரை அவர் இன்னும் பொறுக்க வேண்டும்.

இதனால்தான் சொல்கிறேன், சாதாரணத் தகுதி வந்துவிட்டதென்றால் அடுத்த தேர்தல் எப்போது என்று பார்க்க வேண்டாம், அன்றே போடுங்கள். சலுகை வழியில் மட்டும் தகுதி பெறுகிறவர்கள் அதை நம்பிக் குடும்பத் திட்டம் எதையும் போட வேண்டாம். மாணவராகச் சட்டப்படி வசித்த ஆண்டுகளும் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. போதிய காரணம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் அலுவலகம் சும்மா இருந்தால் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட வழி உண்டு. பெரிய நகரங்களில் ஓராண்டுக்கு மேல் ஆவது சகஜம் என்பதால், வழக்கறிஞரைப் பார்த்து இதைச் செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர்.

தேர்தல் காலத்தில் ஜெர்மன் தொலைக்காட்சியில் இரட்டைக் குடியுரிமை பற்றி மணிக்கணக்கில் விவாதித்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நமக்கு அந்த விவாதத்தால் ஆவது ஒன்றுமில்லை. ஜெர்மனி அனுமதித்தாலும் இந்தியா அனுமதிக்காது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை நாமே விரும்பிப் பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பிறகு இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டைதான். அதில் ஓட்டும் கிடையாது, அரசு வேலையும் கிடையாது. இலங்கைத் தமிழர்களுக்கு நிலைமை வேறு. அங்கே விண்ணப்பித்து அனுமதி பெற்றால் இரட்டைக் குடியுரிமை சாத்தியம். அதனால் அவர்கள் அந்த விவாதத்தை வேறு கண்ணோடு பார்த்ததில் ஆச்சரியமில்லை.

எங்கள் வீட்டில் உண்மையான கேள்வி பெர்லினிலிருந்து வரவில்லை, எங்கள் ஊர் வெள்ளக்கோவிலிலிருந்து வந்தது. "ஏங்கண்ணு, பாஸ்போர்ட்டக் குடுத்துப்போட்டா நம்ம தோட்டம் என்னாகறது?" என்று அம்மா கேட்டார். விசாரித்ததில் தெரிந்தது: விவசாய நிலம் வாங்க ஓ.சி.ஐ. அட்டைதாரருக்கு உரிமை இல்லை. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனாக இருந்தாலும் அதே தடைதான். எனவே இந்த ஒரு விஷயத்தில் குடியுரிமை மாறுவதால் பெரிதாக இழப்பில்லை. வாரிசாக வரலாம். ஆனால் நம் ஊர் வழக்கப்படி அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பது விவசாய நிலத்துக்கு ஒத்துவராது. உயில் எழுதுவதுதான் சரி. பத்திர எழுத்தரோடு நிறுத்தாமல், அன்னியச் செலாவணிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கேளுங்கள். அம்மா கேட்ட அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் என்னால் நிதானமாக யோசிக்க முடிந்தது.

பெற்றோர் பக்கத்திலிருந்து இன்னொரு கணக்கும் உண்டு. நிரந்தர வசிப்புரிமை இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள், பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே தங்கினால் அந்த உரிமை காலாவதியாகும் என்பதை நினைவில் வையுங்கள். அப்பா படுக்கையில் விழுந்தால் ஆறு மாதத்தில் எழுந்திருப்பார் என்று யார் உறுதி சொல்ல முடியும்? ஜெர்மன் குடியுரிமை இருந்தால் எத்தனை காலம் தங்கியும் திரும்பி வரலாம். நான் மனுப் போட முடிவெடுத்ததற்கு எந்தக் கட்சியையும்விட இது பெரிய காரணம்.

ஆவணங்களில் நம்மவர்களை அதிகம் அலைக்கழிப்பது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதம், கடவுச்சீட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதம். குடியுரிமை கிடைத்தவுடன் பெயரை ஜெர்மன் முறைக்கு ஒழுங்குபடுத்திக்கொள்ளும் அறிவிப்பு ஒன்றைப் பதிவு அலுவலகத்தில் கொடுக்கலாம். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் என்ன பெயர் வரப்போகிறது என்பதை அதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ் விஷயத்தில், இந்தியாவில் வாங்கும் அப்போஸ்டில் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அதை ஜெர்மனி ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக நேரில் விசாரித்துச் சரிபார்க்கும் முறைக்கு மாதக்கணக்கில் ஆகலாம். குடியுரிமைக்கான எழுத்துத் தேர்வு அதைவிடச் சுலபம். 33 கேள்வியில் 17 சரியாக இருந்தால் போதும்.

இதையெல்லாம் எழுதிவிடலாம். அந்தக் குளிர்காலத்தில் மனதில் இருந்த பாரத்தை எழுதுவதுதான் கடினம். 2025 ஜனவரியில் கார்ல்ஸ்ரூவே நகரில் ஏ.எஃப்.டி. விமான டிக்கெட் வடிவில் 'நாடுகடத்தல் டிக்கெட்' அச்சடித்து விநியோகித்தது. அந்தப் படம் எங்கள் மகளின் வகுப்புக் குழுவுக்கும் வந்தது. "நம்மளையும் அனுப்பிடுவாங்களாப்பா?" என்றாள். நான் எங்கள் வசிப்புரிமை அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது, அதை யார் ரத்து செய்யலாம், யாரால் முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிள்ளைகளிடம் "ஒண்ணுமில்ல, விடு" என்று சொல்லாதீர்கள். அவர்கள் நம்மைவிட நன்றாக ஜெர்மன் படிக்கிறார்கள், சுவரொட்டியில் இருப்பது அவர்களுக்குப் புரிகிறது.

ஓட்டில்லை என்பதால் ஒதுங்கியிருக்கவும் தேவையில்லை. வெளிநாட்டவருக்கு உள்ளாட்சியில் ஓட்டளிக்கும் முயற்சியை 1990-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கு மட்டும் பிறகு வழி பிறந்தது. ஆனால் ஹெஸ்ஸனில் வெளிநாட்டவர் ஆலோசனை மன்றத்துக்குத் தனித் தேர்தல் உண்டு, அதில் நாம் ஓட்டுப் போடலாம், நிற்கவும் செய்யலாம். நிறுவனத்தின் தொழிலாளர் மன்றத் தேர்தலிலும் கடவுச்சீட்டின் நிறம் பார்ப்பதில்லை. இரண்டிலும் நம்மவர்கள் வருவது குறைவு என்பது என் வருத்தம். குடியுரிமை அலுவலகத்தில் ஆள் போதவில்லை என்று எடுத்துச் சொல்லும் இடம் அந்த ஆலோசனை மன்றம்தான்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். குடியுரிமைச் சான்றிதழைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்யக் கூடாது, அது குற்றம். ஜெர்மன் கடவுச்சீட்டு வர வேண்டும், பழையதை இந்தியத் துணைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும், அதன் பிறகுதான் ஓ.சி.ஐ. மனு. இந்த இடைவெளியில் ஊருக்குப் போக வேண்டுமென்றால் விசா எடுத்தாக வேண்டும். வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ நிச்சயமாகியிருந்தால், சான்றிதழ் வாங்க அழைக்கும் டெர்மினை, அதாவது சந்திப்பு நாளை, தள்ளிவைத்துத் தர முடியுமா என்று அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.